இஷ்யூ: பெண் ஒன்று

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், மணி பதினொன்று தாண்டிவிட்டது. கோர்ட்டு நிர்வாகப் பிரிவின் கதவுக்கு வெளியே கிடந்த பெஞ்சின் ஓரத்தில் எப்சிபா உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் முக்கால்வாசியை யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா கட்டுக்கட்டாக ஃபைல்களால் நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். அந்தக் கட்டுகளிலிருந்து வந்த வாடை அவளுக்குத் தெரிந்த வாடைதான், பழைய தாளும் பசையும் கொஞ்சம் எலியும் கலந்தது, ஓய்வு பெறும்வரை புருஷன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போதெல்லாம் அடித்த வாடை. ஆசீர்வாதம் போய் ஐந்து மாதம் ஆகிறது, இதே கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்ற மனுஷன், இந்த வராந்தாவில் எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பார், ஆனால் அவள் இங்கே வருவது இதுதான் இரண்டாவது தடவை, ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலையும் கழுத்துமாய் அவரைக் கூட்டிப்போக வந்ததோடு சரி. நாலடி தள்ளித் தூணில் சாய்ந்து கொழுந்தன் ஜெயசீலன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ கையெழுத்து விட்டுப்போச்சாம் தம்பி, ஒருநடை வந்துரு, என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவனும் ஏன் எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை, பஸ்ஸில் செக்கராய் இருந்து ஓய்வு பெற்றவன், வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கையிலிருக்கும் சீட்டை வாங்கிப் பார்த்து அலுத்துப்போனதாலோ என்னவோ யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். அவனிடம் எப்படிச் சொல்வது, தம்பி, உங்க அண்ணனுக்கு எனக்குத் தெரியாம ஒரு பெண்பிள்ளை இருக்கும் போலிருக்கு என்று. வாயைத் திறந்து சொல்லக்கூடிய வாக்கியமா அது. நான்கு நாளாக அந்த வாக்கியம் தொண்டைக்குள் மீன்முள் மாதிரி நின்றது, சோற்று உருண்டையை விழுங்கினாலும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை போன் வந்தபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்ணின் குரல். "ஆசீர்வாதம் சார் வீடுங்களா? கோர்ட்டு ஆபீஸ்ல இருந்து பகவதி பேசுதேன்மா. சாரோட குடும்ப பென்ஷன் பேப்பர் எங்கிட்டதான் இருக்கு. அதுல ஒரு இஷ்யூ இருக்கு." என்னம்மா பிரச்சினை, எல்லாம் ஒழுங்காத்தானே குடுத்தேன் என்று இவள் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "பிரச்சினைய சொல்லலம்மா. இஷ்யூன்னா, பிள்ளை. நீங்க குடுத்த வாரிசு சர்டிபிகேட்ல பிள்ளைங்க இல்லன்னு இருக்கு. சாரோட பழைய ஃபைல்ல ஃபீமேல் இஷ்யூ ஒண்ணுன்னு இருக்கு. பேரும் போட்டிருக்கு" என்றாள். கீரைக் காம்பு விரலுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. என்ன பேரு என்று கேட்டாள், கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "போன்ல வேண்டாம்மா. திங்கக்கிழமை பத்தரைக்கு நேர்ல வாங்க. உங்களுக்குப் பொண்ணு யாரும் உண்டாம்மா?" இல்லை என்றாள் எப்சிபா. யோசிக்காமல் சொன்னாள், வீட்டு நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தக் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை பிறந்தது உண்மை. எண்பத்தாறு ஜூன் ஒன்பதாம் தேதி மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்து, பதினேழு நாள் இருந்து, இருபத்தாறாம் தேதி மத்தியானம் மூச்சு நின்ற பிள்ளை. ஆனால் அதற்குப் பேர் வைக்கவில்லையே. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்து, சபைப் போதகர் ஐயரிடம் சொல்லி, அதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்துபோனது. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட எப்சிபாவின் குழந்தை என்றுதான் எழுதியிருந்தது. அந்தப் பெண் பேரும் போட்டிருக்கு என்கிறாள். பேர் இருக்கிற பிள்ளை என்றால் அது வேறு பிள்ளை. எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு தெருவில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளை. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு நின்றுவிடும், பிறகு மறுபடி கீரையிலிருந்து ஆரம்பிக்கும்.

இஷ்யூ என்ற அந்த வார்த்தையும் அவளை இப்படி விடாது பிடிக்க வேண்டுமா. முப்பது வருஷம் அதன் அடியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். கிளை நூலகத்தில் அவள் மேஜைக்கு மேலே ஒரு பலகை தொங்கும், அதில் இங்கிலீஷில் இஷ்யூ என்று நீலப் பெயிண்டால் எழுதியிருக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் ரிட்டர்ன் என்று. புத்தகத்தை வாங்கி, பின்னட்டைத் தாளில் தேதி முத்திரையைக் குத்தி, இந்தப் பக்கமாய்க் கொடுத்தால் இஷ்யூ, அந்தப் பக்கமாய் வந்தால் ரிட்டர்ன். எல்லாம் வந்துவிடும், கிழிந்தாவது வரும், மழையில் ஊறியாவது வரும். பிள்ளை போனபிறகு நாற்பதாம் நாளோ என்னவோ வேலைக்கு வந்து அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள். பால் நிற்கவில்லை. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அது பாட்டுக்கு நேரம் தவறாமல் சுரந்தது, பிள்ளை பசித்து அழுத நேரங்களெல்லாம் உடம்புக்கு ஞாபகம் இருந்தது, மனசுக்கு மட்டும் மறந்துவிடு மறந்துவிடு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு தாலுகா ஆபீஸ் பியூன் வந்து நின்றார், வாராவாரம் தொடர்கதை படிக்கிறவர். "ஏம்மா, புது இஷ்யூ வந்துட்டா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாரப்பத்திரிகையைத்தான் கேட்கிறார் என்பது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, அந்த ஒரு நிமிஷத்துக்குள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இன்னும் வரலைங்க என்றாள். அவர் போனபிறகு எழுந்து உள்ளே குறிப்புதவிப் பகுதிக்குப் போனாள், அங்கேதான் தலையணை கனத்துக்கு ஒரு அகராதி இருந்தது, மேஜையிலேயே கிடக்கும், யாரும் எடுத்துப்போக முடியாது. அந்த வார்த்தையைத் தேடினாள். வெளியே போவது. வெளியே போகிற வழி. வழங்குதல். பத்திரிகையின் ஒரு வெளியீடு. சந்ததி. வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வி. புண்ணிலிருந்து வடிவது. ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன, கியூவில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காமல். அவள் சந்ததியிலிருந்து புண்ணுக்கும் புண்ணிலிருந்து சந்ததிக்கும் விரலை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே நின்றாள், நூலகர் வந்து, "என்னம்மா, தலைசுத்துதா?" என்று கேட்கிறவரை.

உள்ளே கோர்ட்டு ஹாலில் வழக்கு கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்புப் பட்டை போட்ட டவாலி வெளியே வந்து ஒரு பேரை மூன்று தரம் நீட்டிக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. அவன் அதைப் பற்றி ஒன்றும் கவலைப்படாமல் உள்ளே போனான். எப்சிபாவுக்கு முழங்கால் வலித்தது, ஒண்ணுக்குப் போக வேண்டும் போலவும் இருந்தது, போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டாள். தூத்துக்குடியாக இருக்குமோ. தொண்ணூற்றொன்றில் எட்டு மாதம் அவரைத் தூத்துக்குடிக் கோர்ட்டுக்கு மாற்றுப்பணியில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம் வருவார், திங்கள் விடியக்கருக்கலில் கிளம்புவார். அங்கே ஒரு ஸ்டெனோ இருந்தாள், ரெஜினா, கிறிஸ்துமஸுக்கு வருஷாவருஷம் வாழ்த்து அட்டை அனுப்புவாள், அன்புள்ள அண்ணன் குடும்பத்துக்கு என்று அழகான கையெழுத்தில். அந்த அட்டை ஒரு வருஷம் வரவில்லை, இவள்தான் ஏன் ரெஜினா அட்டை போடல என்று கேட்டாள், அவர் கல்யாணம் ஆயிப் போயிட்டா என்றார், அப்போது அவர் குரலில் ஏதாவது இருந்ததா. முப்பது வருஷத்துக்கு முந்தைய குரலை இப்போது எடுத்துத் தட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும். அவர் பேசுகிற மனுஷனும் இல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவர் பேசியதில்லை. தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான், கூடப் போனது இந்த ஜெயசீலன். பெண்கள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அவள் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பி வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, சாப்பிடுறியா என்று கேட்டார், அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து அவள் மனசில் ஒரு தீர்ப்பு எழுதிவைத்திருந்தாள், இந்த ஆளுக்கு வலி கிடையாது, அடுத்த வாரமே மறந்துவிட்டார், ஆம்பளை. அதற்குப் பிறகு கரு நிற்கவே இல்லை என்றபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததை அவள் பெருந்தன்மை என்று சில வருஷமும் அலட்சியம் என்று சில வருஷமும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டாள். இப்போது மூன்றாவதாக ஒரு காரணம் வந்து நிற்கிறது. வேறு இடத்தில் ஒரு பிள்ளை இருந்தால் இங்கே இல்லாததற்கு அவர் ஏன் அழ வேண்டும். இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், அவருடைய இருமலில் எது சளி, எது சும்மா தொண்டையைச் செருமுவது என்று தெரியும், இது தெரியவில்லை.

சரி, நீ மட்டும் என்ன யோக்கியம் என்று இன்னொரு குரல். வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனுஷன், உட்காரச் சொல்லி ஃபேனைப் போட்டுவிட்டுக் கேட்டார். பிள்ளைங்க? இல்லை. பிறந்து இறந்தது? இல்லை என்றுதான் சொன்னாள். இறந்தது என்று சொன்னால் அதற்கு ஒரு சான்றிதழ் கேட்பார், அது எங்கே இருக்கிறது, அலைச்சல் என்று அப்போது தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது பொய். அவளுக்கு அந்த இல்லை பழகிப்போயிருந்தது. மறுபடி வேலைக்குப் போன புதிதில் நூலகத்துக்கு வருகிறவர்கள் கேட்டபோது, ஒண்ணு பிறந்து தவறிட்டு என்று சொல்லிப் பார்த்தாள். உடனே அவர்கள் முகம் மாறும், எப்படி, எத்தனை நாள், என்ன சீக்கு, பால் சரியா குடுத்தியா என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அவளால் தாங்க முடியவில்லை. பால் கொடுத்தாள், அது குடிக்கவில்லை, கடைசி இரண்டு நாள் உதட்டை மூடிக்கொண்டது, அவள் பஞ்சில் நனைத்து நனைத்து வைத்தாள். இதை எத்தனை பேரிடம் சொல்வது. அதற்கு இல்லை என்ற ஒரு சொல் எவ்வளவு சுருக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டாலும் இல்லை, கல்யாண வீட்டில் கேட்டாலும் இல்லை. சில நேரம் அவரும் பக்கத்தில் இருப்பார். அவள் இல்லை என்று சொல்லும்போது அவர் செருப்பு வாரைச் சரிசெய்வார், இல்லையென்றால் சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஒரு தடவைகூட அவர் வாயால் இல்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. இதை இப்போதுதான் கவனிக்கிறாள். சொல்லாமல் இருந்தது எதற்காக, அவருக்கு ஒன்று இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. அப்படித்தானே.

"எப்சிபா ஆசீர்வாதம் அம்மா யாரு? உள்ள வாங்க."

எழுந்தபோது முழங்கால் சொடக்கியது. ஜெயசீலன் பேப்பரை மடித்துக்கொண்டு கூட வர அடி எடுத்துவைத்தான், நீ இங்கேயே இரு தம்பி என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். பகவதிக்கு இருபத்தேழு வயதிருக்கும், ஒல்லியாக, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டாள். அவளுக்கும் சங்கடமாக இருக்கிறது என்பது தெரிந்தது, மேஜையில் இருந்த பழுப்பு ஃபைலைத் திறக்காமல் அதன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. சில ஃபைல்ல இப்படி வரும். ரெண்டாவது குடும்பம் இருந்து, பின்னால அவங்க வந்து கேட்டாங்கன்னா எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். அதான் முதல்லயே கேட்டுக்கிடுதோம்." எப்சிபா தலையை ஆட்டினாள். காட்டும்மா என்றாள். பகவதி ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். ஓய்வு பெறும்போது கொடுத்த குடும்ப விவரப் படிவம், இரண்டாயிரத்துப் பன்னிரண்டு செப்டம்பர். டைப் அடிக்கத் தெரிந்தவர், ஆனாலும் கையால் எழுதியிருந்தார், அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்ததுமே ஆள் வந்து பக்கத்தில் நின்றதுபோல இருந்தது. மனைவி, எப்சிபா, வயது ஐம்பத்திரண்டு. அடுத்த வரி. மகள், ஆ. பியூலா, வயது இருபத்தாறு, திருமணமாகாதவர். பிறந்த தேதி, ஒன்பது ஆறு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு.

அவள் அந்தத் தேதியை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். பகவதி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள், அது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. ஒன்பது ஆறு எண்பத்தாறு. திங்கட்கிழமை காலை, மழை தூறிக்கொண்டிருந்தது, நர்ஸ் துணியில் சுற்றிக் காட்டினாள், மூக்கு அப்படியே அப்பா என்றாள். "இதுக்கு முன்னாடியும் ரெண்டு இடத்துல இருக்கும்மா" என்று பகவதி பக்கங்களைப் புரட்டினாள். தொண்ணூற்றெட்டில் ஒரு படிவம், மகள், ஆ. பியூலா, வயது பன்னிரண்டு. அதற்கும் முன்னால் பணிப்பதிவேட்டில் முதல் பதிவு, இஷ்யூ, பெண் ஒன்று, பேர் பியூலா, இருபது ஆறு எண்பத்தாறு என்று தேதியிட்டுக் கையெழுத்து. இருபதாம் தேதி. அன்றைக்குப் பிள்ளைக்குப் பதினோரு நாள், நன்றாக இருந்தது, கையை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு கிடந்தது. ஆபீஸுக்குப் போனவர் யாரிடமும் கேட்காமல், அவளிடமும் சொல்லாமல், பேர் எழுதிவிட்டு வந்திருக்கிறார். எப்சிபாவின் பிள்ளைக்குப் பியூலா, இரண்டு பெயரும் பைபிளில் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருவது கோவிலுக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அன்று சாயந்திரம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேரை நான் யோசிச்சாச்சு, ஐயர் கேக்கும்போதுதான் சொல்லுவேன் என்று சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. எத்தனை வருஷமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அது. பிறகு அவள் அந்தப் பேர் என்ன என்று கேட்கவே இல்லை. பிள்ளையே போயிற்று, பேர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று விட்டுவிட்டாள், அவரும் சொல்லவில்லை. அதற்குப் பதில் இங்கே வந்து, இந்த ஃபைலுக்குள் வைத்து, அவர் பிள்ளையை வளர்த்திருக்கிறார். பன்னிரண்டு வயதாக்கியிருக்கிறார். இருபத்தாறு வயதாக்கி, திருமணமாகாதவர் என்று எழுதும்போது பேனாவை நிறுத்தி என்ன நினைத்திருப்பார், மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றா. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது அவர் சொன்னார், கோர்ட்டில் இஷ்யூ எழுதுவது என்றால் என்ன தெரியுமா, ஒரு விஷயத்தை ஒருத்தன் உண்டு என்று சொல்ல வேண்டும், எதிராளி இல்லை என்று சொல்ல வேண்டும், ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் அங்கே தீர்க்க ஒன்றுமில்லை. அவர் உண்டு என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். கொஞ்ச நாள் முன்னால் அவள் போய் ஃபேன் காற்றில் உட்கார்ந்து இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அம்மா. யாரும்மா இது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" பகவதி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க பிள்ளைம்மா" என்றாள் எப்சிபா. "பதினேழு நாள் இருந்தா."

பகவதி படிவத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள், இருபத்தாறு என்ற எண்ணின் மேல் அவள் கண் வந்து நின்றது, அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, ஒரு வழி சொல்லுதேன். அப்படி யாரும் இல்ல, எழுத்துப் பிழையா ஏறிட்டுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்திருங்க. நான் இன்னைக்கே நோட் போட்டு அனுப்பிருவேன், ஒரு வாரத்துல முடிஞ்சிரும். பிறந்து இறந்துட்டுன்னு எழுதினா, அதுக்கு ஆதாரம் கேப்பாங்க. நீங்க வாரிசு சர்டிபிகேட்டையும் திருத்தி வாங்கணும். உங்க வயசுக்கு அலைச்சல்."

சாளரத்துக்கு வெளியே புறாக்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எழுத்துப் பிழை. அவருக்கு எழுத்துப் பிழையே வராது, அடித்த தாளில் ஒரு புள்ளி தவறியிருந்தால்கூட முழுத்தாளையும் திரும்ப அடிப்பார் என்று கோர்ட்டு முழுக்கச் சொல்வார்கள். அவள் அந்தப் பெண்ணின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுளுவான வழி. இன்னும் ஒரே ஒரு இல்லை. எத்தனையோ சொன்னதில் இது ஒன்று. சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அவள் வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் சத்தம் வரவில்லை. பஞ்சில் நனைத்துப் பால் வைத்தபோது மூடிக்கொண்ட அந்தச் சின்ன உதடுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இருந்தாள்னே எழுதுதேன்மா" என்றாள். "என்ன ஆதாரம் வேணும், சொல்லு."

பகவதி பெருமூச்சு விட்டாள், சலிப்பினால் இல்லை. ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிப் பதிவு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கோவிலில் அடக்க ரிஜிஸ்டர் இருக்கும், அதில் ஒரு நகல், அப்புறம் விவரம் தெரிந்த இரண்டு பேர் வாக்குமூலம். "எங்க அடக்கம் பண்ணினாங்கன்னு தெரியும்லாம்மா?" என்று கேட்டாள். எப்சிபா தாளை வாங்கி நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, வாறேன்மா என்று எழுந்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஜெயசீலன் பெஞ்சுக்கு இடம் மாறியிருந்தான், அவளைப் பார்த்ததும் எழுந்து, "முடிஞ்சுதா மைனி? போவமா?" என்றான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனும் மறுபடி உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல், எதிரே கல்தரையில் விழுந்திருந்த தூணின் நிழலைப் பார்த்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"தம்பி, பிள்ளைய எங்க வச்சீங்க?"

எந்தப் பிள்ளை என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த பேப்பரை இன்னும் ஒரு மடி மடித்தான், பிறகு இன்னும் ஒரு மடி. "உங்களுக்குத் தெரியாதா மைனி?" என்றான். "அண்ணன் சொல்லியிருக்கும்னு நினைச்சேன்."

"நான் கேக்கல. அவரும் சொல்லல."

"அன்னைக்கு ஐயர் ஊர்ல இல்ல. மணி அடிக்கிற கோவில்குட்டிதான் மண்வெட்டிய எடுத்துட்டு வந்தாரு. கல்லறைத் தோட்டத்துல தெக்கு மூலை, வேப்பமரத்துக்குக் கீழ. மழை விட்டுவிட்டுப் பெஞ்சுது. அண்ணன் என்னையத் தோண்ட விடல. சட்டையக் கழத்திப் பிள்ளைக்கு மேல போட்டுட்டுத் தானே தோண்டுச்சு. முடிஞ்சப்புறம் ரிஜிஸ்டர்ல பேரு என்ன போடன்னு கோவில்குட்டி கேட்டாரு. அண்ணன் ஒரு பேரு சொல்லுச்சு. அப்புறம் அந்த இடத்துலயே உக்காந்துட்டு. இருட்டுற வரைக்கும் எந்திக்கல. நான் எத்தனையோ சொன்னேன். கடைசில, எப்சிட்ட சொல்லிராத நான் அழுதேன்னு, அவ தாங்கமாட்டா, அப்படின்னுச்சு." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நானும் சொல்லல."

எப்சிபாவுக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, அது பாட்டுக்கு மோவாயில் போய்ச் சேர்ந்து கைக்குள் இருந்த தாளின் மேல் விழுந்தது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து சாப்பிடுறியா என்று கேட்டவரின் கண் சிவந்திருந்ததா என்று அவள் அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பேரு பியூலா" என்றாள். வாயில் புதிதாக இருந்தது, எங்கே அழுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆமா" என்றான் ஜெயசீலன். "அதுதான்."

அவள் எழுந்து சேலையை நீவிவிட்டுக்கொண்டாள். "வா, அங்க போவோம். ரிஜிஸ்டர் நகல் கேக்கணும்."

"போலாம் மைனி. ஆனா ஒண்ணு." அவன் தயங்கினான். "அந்த மரம் இப்ப இல்ல. ஏழெட்டு வருஷம் முந்தி தெக்கு மூலைய இடிச்சுத் தண்ணித்தொட்டி கட்டிட்டாங்க. சரியா எந்த இடம்னு எனக்கே காட்டத் தெரியாது."

எப்சிபா படியில் ஒரு கால் வைத்தபடி நின்றாள். வெயிலில் கண் கூசியது.

"பரவால்ல" என்றாள். "பக்கத்துல நிக்க எடம் இருக்கும்லா?"